ஃபெனோஃபைப்ரேட்டை எதில் அரைப்பது: பின் மில்லா, ஏர் ஜெட் மில்லா, ஈர அரைவையா?

நாற்பதாம் சல்லடை:

நண்பர்களுக்கு வணக்கம். மாத்திரை தயாரிக்கும் ஒரு சிறு தொழிற்கூடத்தில் மருந்து உருவாக்கப் பிரிவில் பணிபுரிகிறேன். இரத்தத்தில் டிரைகிளிசரைடு மிகுந்தவர்களுக்குத் தரப்படும் ஃபெனோஃபைப்ரேட்டை இதுவரை நுண்தூளாக்கப்பட்ட நிலையிலேயே வாங்கி வந்தோம். அரைக்காத படிகத்தின் விலை குறைவு என்பதால், அதை வாங்கி நம்மிடம் சும்மா நிற்கும் பின் மில்லில் (உலோக முளைகளால் அடித்து உடைக்கும் அரைவை இயந்திரத்தில்) அரைத்துக்கொண்டால் என்ன என்று கொள்முதல் பிரிவினர் கேட்கத் தொடங்கியுள்ளனர். சோதனைக்காக 5 கிலோ அரைத்துப் பார்த்தோம். டி90 அளவு (தூளில் 90 விழுக்காடு எந்த அளவுக்குக் கீழே இருக்கிறதோ அது) 60 மைக்ரானுக்குக் கீழே இறங்க மறுக்கிறது. மூன்றாவது கிலோவைப் போடும்போதே பின்களின் மேல் மெழுகு பூசியதுபோல் மருந்து படிந்து, இயந்திரத்தின் ஒலியே மாறிவிட்டது. அந்தத் தூளில் செய்த மாத்திரைகள் கரைதல் சோதனையில் பழைய மாத்திரைகளைவிட வெகுவாகப் பின்தங்கின.

பின் மில்லிலேயே வேகத்தையும் இடும் அளவையும் மாற்றித் தேறுவதற்கு வழி உண்டா, ஏர் ஜெட் மில்லுக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா, அல்லது இப்போது எல்லோரும் பேசுகிற ஈர முறை நானோ அரைவையை நோக்கி நேராகப் போய்விடலாமா என்பதே என் கேள்வி. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஆலைப்பழகி:

உங்கள் பின் மில் பழுதில்லை ஐயா, அதனிடம் கொடுத்த வேலைதான் தவறு. எதிரெதிராக நிற்கும் இரண்டு தட்டுகளில் வரிசை வரிசையாகப் பின்கள் நிற்கின்றன. நடுவில் விழும் படிகம் வெளிநோக்கி வீசப்படும்போது ஒவ்வொரு வரிசையிலும் அடிபட்டு உடைகிறது. சர்க்கரையைப் போல எளிதில் நொறுங்கும் பொருளுக்கு அது அருமையான இயந்திரம். ஆனால் எந்த அரைவையிலும் நாம் செலுத்தும் ஆற்றலில் மிகச் சிறு பகுதிதான் புதிய பரப்பை உண்டாக்குகிறது, மீதியெல்லாம் வெப்பமாகிறது. ஃபெனோஃபைப்ரேட்டின் உருகுநிலை ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ். வெளியேறும் காற்றின் வெப்பமானி 45 டிகிரி காட்டும்போது பின்னின் முனை எவ்வளவு சூடாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மருந்து உருகக்கூட வேண்டியதில்லை, இளகினாலே போதும். உடைய வேண்டியது நசுங்கிப் பூசிக்கொள்ளும். நீங்கள் கேட்ட ஒலி மாற்றம் அதுதான். சல்லடை வழியே கத்திகள் தள்ளி உடைக்கும் மல்டி மில்லில் போட்டிருந்தால் சல்லடைக் கண்களே அடைபட்டிருக்கும்.

வேகத்தைக் கூட்டினால் வெப்பம் கூடும், குறைத்தால் உடைக்கும் விசை போதாது. குளிரூட்டிய காற்றைச் செலுத்துவதும் இடும் அளவைக் குறைப்பதும் ஓரளவு உதவும். திரவ நைட்ரஜனைக் கொண்டு படிகத்தை உறையவைத்து அரைத்தால் அது கண்ணாடித்துண்டுபோல் நொறுங்கும். இபுபுரோஃபென் போல 75 டிகிரியை ஒட்டி உருகும் மருந்துகளுக்கும் இந்த வழி கைகொடுக்கும். அப்போதும்கூட 20 மைக்ரானுக்குக் கீழே பின் மில்லை நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். உறைந்த தூளை உடனே திறந்து வைத்தால் காற்றின் ஈரமெல்லாம் அதன்மேல் வியர்த்து இறங்கிவிடும். மூடிய கொள்கலனிலேயே அறை வெப்பநிலைக்கு வரவிட்டுப் பிறகுதான் திறக்க வேண்டும்.

ஏர் ஜெட் மில்லின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. தட்டையான வட்ட அறை ஒன்று. அதன் விளிம்பைச் சுற்றிச் சாய்வாக அமைந்த நுண்குழல்களின் வழியே 6 முதல் 8 பார் அழுத்தத்தில் காற்றோ நைட்ரஜனோ பாய்கிறது. படிகங்கள் சுழன்று ஒன்றோடொன்று மோதியே உடைகின்றன. பெரியவை மையவிலக்கு விசையால் விளிம்பிலேயே சுற்றிக்கொண்டிருக்க, சிறியவை காற்றோடு நடுத்துளை வழியாக வெளியேறுகின்றன. விரியும் வாயு தானே குளிர்வதால், மோதலில் பிறக்கும் வெப்பத்தை அதுவே வாங்கிக்கொள்கிறது. சுழலும் பாகமும் இல்லை, சல்லடையும் இல்லை. 80 டிகிரியில் உருகும் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான உலர் முறை எனக்குத் தெரிந்து கிடையாது.

கரைதிறன்:

ஆலைப்பழகி ஐயா சொன்னதோடு, இந்த மருந்தின் வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால் கேள்விக்குப் பாதி விடை அதிலேயே கிடைக்கும். 1975இல் பிரான்சில் ஃபெனோஃபைப்ரேட் விற்பனைக்கு வந்தபோது நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் தர வேண்டியிருந்தது. நுண்தூளாக்கிய பிறகு அதே பயனை 200 மில்லிகிராம் தந்தது. பின்னர் நுண்தூளை நீர்விரும்பும் பாலிமரோடு சேர்த்து மேற்பூச்சாக இட்டபோது அது 160 ஆயிற்று. ஈர அரைவையால் நானோ அளவுக்குக் கொண்டுபோன 145 மில்லிகிராம் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2004இல் அனுமதி கிடைத்தது. அதை உணவோடும் உண்ணலாம், உணவின்றியும் உண்ணலாம். மூலக்கூறில் ஓர் அணுவும் மாறவில்லை. அரைவையும் அதையொட்டிய தயாரிப்பு முறையும் மட்டுமே மாறி, அளவு 300இலிருந்து 145க்கு இறங்கியிருக்கிறது.

காரணம் எளியது. நாயஸ், விட்னி ஆகிய இருவரும் 1897இல் பென்சாயிக் அமிலத்தையும் ஈயக் குளோரைடையும் நீரில் கரைத்துப் பார்த்து வகுத்து, பின்வந்தவர்கள் பரப்பையும் சேர்த்து விரிவாக்கிய விதிப்படி, செறிவு வேறுபாடும் பரப்பும் கூடினால் கரையும் வேகம் கூடும். நீரில் இந்த மருந்தின் கரைதிறன் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமைக்கூட எட்டுவதில்லை; ஆகவே செறிவு வேறுபாட்டை நம்மால் பெரிதாகக் கூட்ட இயலாது, கையில் மிஞ்சுவது பரப்பு மட்டுமே. அடர்த்தி 1.2 என்று வைத்துக் கோளத் துகளாகக் கணக்கிட்டால், 60 மைக்ரான் தூளின் ஒரு கிராமுக்கு 0.08 சதுர மீட்டர் பரப்புதான் இருக்கிறது. 5 மைக்ரானில் அது ஒரு சதுர மீட்டர், 0.2 மைக்ரானில் 25 சதுர மீட்டர். மேலும், 30 மைக்ரானுக்குக் கீழே போனால் துகளைச் சூழ்ந்திருக்கும் நீர்ப்படலமும் துகளோடு சேர்ந்தே மெலிகிறது. எனவே விட்டம் பாதியானால், முழுதும் கரைய எடுக்கும் நேரம் கால்வாசியாகிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஜெட் மில்லிலிருந்து 5 மைக்ரானில் இறங்கும் ஃபெனோஃபைப்ரேட்டை நீரில் தூவிப் பாருங்கள், நனையாமல் மிதக்கும். கணக்கில் வந்த ஒரு சதுர மீட்டரும் நீரைத் தொடாவிட்டால் வீண். இதனால்தான் இந்த மருந்தைச் சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற நனைப்பானுடன் (பரப்புவினைப்பொருளுடன்) சேர்த்தே நுண்தூளாக்கும் முறை உருவானது. தனித்தனியே அரைத்துப் பிறகு கலப்பதைவிட, இரண்டையும் சேர்த்து அரைத்தால் நனைப்பான் ஒவ்வொரு புதிய முகத்திலும் போய் ஒட்டுகிறது. நீங்கள் ஜெட் மில்லுக்குப் போவதாக இருந்தால் இதை முதல் சோதனையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

மருந்தியல் மாணவி:

மூத்தவர்களிடம் இரண்டு ஐயங்கள். எங்கள் பாடத்தில் பால் மில்லுக்குத்தான் (உருளைக்குள் உருண்டைகளை இட்டு அரைக்கும் ball mill) அதிகப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். இங்கே யாருமே அதைப் பற்றிப் பேசவில்லையே, ஏன்? அடுத்து, நானோ அளவில் 25 மடங்கு பரப்பு கிடைக்கிறது என்றால், கரையாத மருந்துகள் அனைத்தையும் அப்படியே அரைத்துவிடலாமே?

ஈரமணி:

தங்கையின் முதல் ஐயத்துக்குச் சுருக்கமாகவே விடை சொல்லலாம். உருளும் பால் மில் மெதுவாக வேலை செய்யும் இயந்திரம். ஒரு மீட்டர் விட்டமுள்ள உருளையை நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சுற்றுக்கு மேல் சுழற்றினால் உருண்டைகள் சுவரோடு ஒட்டிச் சுற்றுமே தவிர விழாது. ஆகவே அதில் 65 முதல் 80 விழுக்காட்டு வேகத்தில்தான் ஓட்டுகிறார்கள். மணிக்கணக்கில் ஓடும், உருண்டையின் தேய்மானம் மருந்தில் கலக்கும், சுத்தம் செய்வது கடினம். மூடிய பாத்திரம் என்பதால் தூசி பறக்காதது ஒரு நன்மை. தேர்வில் அந்த வேக வரம்பைக் கட்டாயம் கேட்பார்கள் என்பது வேறு விஷயம்.

ஆனால் அந்தப் பால் மில்லின் வழித்தோன்றல்தான் இன்றைய ஈர மணி அரைவை. மருந்தை நீரில் கலக்கி, அதனுடன் நிலைப்படுத்தியாக ஹைட்ராக்சிபுரோப்பைல் செல்லுலோஸ் போன்ற ஒரு பாலிமரையும் சிறிது பரப்புவினைப்பொருளையும் சேர்த்து, 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர் அளவுள்ள மணிகள் நிறைந்த அறைக்குள் சுற்றிச் சுற்றிச் செலுத்துகிறோம். மணிகள் இட்ரியம் கலந்த சிர்க்கோனியா என்ற கடினப் பீங்கானாக இருக்கலாம், குறுக்குப்பிணைப்புள்ள பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம். கிளறும் தண்டு மணிகளை வேகமாக மோதவிடுகிறது. இரு மணிகளுக்கு இடையே சிக்கும் படிகம் உடைகிறது. அறையின் வெளிச்சுவரில் குளிர்நீர் ஓடுவதால் வெப்பம் கட்டுக்குள் இருக்கும். 200 நானோமீட்டர் அளவை இதில் எட்டலாம். உலர் ஜெட் மில்லில் அது நடவாத காரியம். துகள் சிறுத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்குமேல் அது விரிசல் விட்டு உடையாமல் வெறுமனே நசுங்கி உருமாறும் என்பதைக் கெண்டல் என்ற ஆய்வாளர் 1978இலேயே காட்டியிருக்கிறார். உலர்ந்த நுண்துகள்களோ உடைந்த வேகத்திலேயே ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். நீருக்குள் நிலைப்படுத்தி உடனே புதிய முகத்தைப் போர்த்திவிடுவதால்தான் மேலும் இறங்க முடிகிறது.

எல்லாவற்றையும் ஏன் அப்படி அரைப்பதில்லை என்றால், அரைவை முடியும் இடத்தில்தான் உண்மையான வேலையே தொடங்குகிறது. உங்கள் கையில் இருப்பது தூள் இல்லை, துகள்கள் கரையாமல் நீரில் பரவி நிற்கும் பால்போன்ற ஒரு கலங்கல். அதில் கிருமி வளரும். சிறிய துகள் கரைந்து பெரிய துகளில் போய்ப் படியும். நிலைப்படுத்தியாகச் சேர்த்த சோடியம் லாரில் சல்ஃபேட் அளவுக்கு மிஞ்சினால் மருந்தின் கரைதிறனைக் கூட்டி அந்த வளர்ச்சிக்கே துணைபோகும். மாத்திரையாக்க அதை உலர்த்த வேண்டும். உலர்த்தியது வயிற்றில் மீண்டும் தனித்தனி நானோ துகளாகப் பிரிய வேண்டும். 2003இல் வந்த, வாந்தியைத் தடுக்கும் அப்ரெபிடன்ட் காப்ஸ்யூலில் இந்தக் கலங்கலை செல்லுலோஸ் மணிகளின் மேல் தெளித்துப் படியவைத்துத் தீர்வு கண்டார்கள். அதற்கும் முன்னர் 2000இல், மாற்று உறுப்பை உடல் ஒதுக்காமல் காக்கும் சிரோலிமஸ் மாத்திரை இதே முறையில் வந்து, குளிர்பெட்டியில் வைக்க வேண்டியிருந்த வாய்வழிக் கரைசலுக்கு மாற்றாக நின்றது. இவையெல்லாம் பெரும் முதலீட்டில் நடந்தவை.

உயர் அழுத்த ஹோமோஜினைசர் என்றொரு வழியும் உண்டு. 1500 பார் அளவுக்கு அழுத்தம் கொடுத்து மிகக் குறுகிய இடைவெளி வழியாகக் கலவையைப் பத்து, இருபது முறை செலுத்துவார்கள். மணித் தேய்மானம் இல்லை என்றாலும், துளை அடைபடாமலிருக்க முன்கூட்டியே நுண்தூளாக்கிய மருந்தைத்தான் இட வேண்டும். அதாவது ஜெட் மில்லின் வேலை அங்கும் மிச்சம் இருக்கிறது.

ஆலைப்பழகி:

ஈரமணி அவர்கள் அழகாக விளக்கியிருக்கிறார். ஆனால் கேட்டவரின் நிலைமையில் நானோவைப் பற்றிப் பேசுவதே திசைதிருப்பல் என்று கருதுகிறேன். அவர் நுண்தூளாக்கிய மருந்தில் செய்த மாத்திரையை ஏற்கெனவே விற்று வருகிறார். அந்த மாத்திரை எந்த அளவுக்குச் சமம் என்று நிறுவப்பட்டிருக்கிறதோ அதையே திரும்பவும் எட்ட வேண்டும். நானோவாக்கினால் உறிஞ்சப்படும் அளவு கூடிவிடும். அப்போது அது வேறொரு மருந்துப்பொருள். புதிய ஆய்வு, புதிய அனுமதி, உணவோடும் வெறும் வயிற்றிலும் ஒப்பீடு என்று எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.

ஈரமணி:

அதை மறுக்கவில்லை. அவர் நேராகப் போகலாமா என்று கேட்டதால் சொன்னேன். இருந்தாலும், கூடுதலாகக் கரைவது எப்போதும் நல்லதே என்ற எண்ணம் நம் துறையில் பரவலாக இருப்பதால் உங்கள் எச்சரிக்கை இந்த இழையில் பதிவாவது நல்லது.

கரைதிறன்:

அந்த எண்ணத்துக்கு மாறான ஓர் எடுத்துக்காட்டு நைட்ரோஃபுரான்டோயின். சிறுநீர்த்தொற்றுக்குத் தரும் அந்த மருந்தின் நுண்படிகம் வேகமாக உறிஞ்சப்பட்டுக் குமட்டலை உண்டாக்கியது. படிகத்தை வேண்டுமென்றே பெரிதாக்கிய பிறகு உறிஞ்சல் மெதுவாகிக் குமட்டல் குறைந்தது. பெரும்படிகக் காப்ஸ்யூல் என்ற பெயரிலேயே இன்றும் விற்கிறார்கள். மறுபக்கம் டிகாக்சின். நலம் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைந்த அந்த இதய மருந்தில், தயாரிப்புக்குத் தயாரிப்பு இரத்த அளவு மாறுவதை 1970களில் கண்டுபிடித்தபோது துகள் அளவும் ஒரு முதன்மைக் காரணமாகத் தெரிந்தது.

குறைந்த அளவு மருந்துகளில் கரைதலுக்கு அப்பால் இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு மாத்திரையில் 100 மைக்ரோகிராம் மருந்து என்றால், 60 மைக்ரான் துகளாக இருக்கும்போது அதில் சுமார் 740 துகள்களே இருக்கும். எவ்வளவு நன்றாகக் கலக்கினாலும் தற்செயலாலேயே மாத்திரைக்கு மாத்திரை 4 விழுக்காட்டை ஒட்டிய ஏற்ற இறக்கம் வந்துவிடும். 10 மைக்ரானாக்கினால் 1,60,000 துகள்கள். அந்த ஏற்ற இறக்கம் கால் விழுக்காடாகச் சுருங்கிவிடும். ஃபெனோஃபைப்ரேட்டுக்கு இந்தக் கவலை இல்லை. அங்கே மாத்திரையில் பெரும்பகுதி மருந்துதான்.

லேசர்மேசை:

தரக் கட்டுப்பாட்டில் இருப்பவன் என்ற முறையில், இழை முழுவதும் டி90, மைக்ரான் என்று உறுதியாகப் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எண் எப்படி அளக்கப்பட்டது என்பதைக் கேட்டவர் சொல்லவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை.

லேசர் ஒளிச்சிதறல் கருவி துகளைப் பார்ப்பதில்லை. ஒளி சிதறும் கோணங்களைப் பார்த்து, அந்தச் சிதறலைத் தரக்கூடிய கோளங்கள் எவை என்று கணக்கிடுகிறது. ஊசி வடிவப் படிகத்தையும் அது கோளமாகவே சொல்லும். ஜெட் மில் தூளை நனைப்பான் இல்லாத நீரில் போட்டு அளந்தால் திரள்களின் அளவுதான் வரும். 6 மைக்ரான் தூள் 40 மைக்ரான் என்று அறிக்கையில் பதிவாகும். மாறாக, உலர் முறையில் காற்றழுத்தத்தை 4 பாருக்கு ஏற்றிவிட்டால், அளக்கும் கருவியே ஒரு சிறு ஜெட் மில்லாகிப் பெரிய படிகங்களை உடைத்துவிடும். அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி ஒரு வரைபடம் போடுங்கள். திரள்கள் பிரிந்தபின் எண் மாறாமல் சமதளமாக நிற்கும் இடம் ஒன்று கிடைக்கும். அதற்குமேல் மீண்டும் இறங்கத் தொடங்கினால் படிகம் உடைகிறது என்று பொருள். ஈர முறையில் அதே தூளை அளந்து ஒப்பிடுங்கள், நுண்ணோக்கியிலும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். நுண்ணோக்கியைத் தொடாமல் கையெழுத்திட்ட துகள் அளவு அறிக்கையை நான் நம்புவதில்லை.

கேட்டவருக்கு இரு வினாக்கள். முன்பு வாங்கிய நுண்தூளின் அளவை விற்பனையாளர் உலர் முறையில் தந்தாரா, ஈர முறையிலா? உங்கள் 60 மைக்ரான் எந்த முறையில் வந்தது?

நாற்பதாம் சல்லடை:

வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். விற்பனையாளரின் சான்றிதழில் உலர் முறை என்று இருக்கிறது. நாங்கள் நீரில் அளந்தோம். உங்கள் பதிவைப் படித்தபின் இரண்டு தூள்களையும் உலர் முறையில் 2 பார் அழுத்தத்தில் அளந்து பார்த்தேன். பின் மில் தூள் 48, பழைய நுண்தூள் 9. இடைவெளி உண்மையானதுதான் என்றாலும், நான் முதலில் எழுதிய எண்ணைத் திருத்திக்கொள்ளுங்கள்.

கரைதல் சோதனை குறித்தும் ஒன்றைக் கவனித்தேன். ஊடகத்தில் சோடியம் லாரில் சல்ஃபேட்டின் செறிவைக் கூட்டியபோது இரண்டு மாத்திரைகளும் ஒன்றுபோலவே கரைந்தன. அப்படியானால் எது சரியான ஊடகம்?

கரைதிறன்:

வேறுபாட்டைக் காட்டுவதுதான் சரியான ஊடகம். பரப்புவினைப்பொருளை அள்ளிக் கொட்டினால் கருங்கல் தூளைத் தவிர மற்றதெல்லாம் கரைந்துவிடும். அந்தச் சோதனையில் தேறியதற்குப் பொருள் இல்லை. நல்ல தூளும் கெட்ட தூளும் பிரிந்து தெரியும் குறைந்த செறிவைக் கண்டுபிடித்து, உருவாக்கப் பணிக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். விற்பனைக்கு விடுக்கும் சோதனையை மருந்தியல் தொகுப்பேட்டின் (மருந்துகளின் தரத்தை வகுக்கும் நூலின்) படியே செய்யலாம்.

கல்வம்:

சித்த மருத்துவம் பயின்றவன் என்பதால் இடையில் ஒரு சொல். எங்கள் முறையில் கல்வத்தில் (கல் உரலில்) இட்டுச் சாமக்கணக்கில் அரைப்பதும், அரைத்ததை வஸ்திரகாயம் செய்வதும் (துணியில் சலிப்பதும்) அன்றாடம். பற்பம் (புடமிட்டு எடுத்த மருந்துத் தூள்) தேறியதா என்பதற்கு, விரல்களுக்கு இடையே தேய்த்தால் ரேகைக்குள் புக வேண்டும், நீரில் தூவினால் மிதக்க வேண்டும் என்ற சோதனைகள் உண்டு. நீங்கள் மிதப்பதைக் குறையாகச் சொல்கிறீர்கள், நாங்கள் அதையே தேர்ச்சியாகக் கொள்கிறோம் என்பதைப் படித்துச் சிரித்துக்கொண்டேன்.

லேசர்மேசை:

ரேகைக்குள் புகும் சோதனையில் நுண்மைக்கு ஓர் அளவுகோல் இருக்கத்தான் செய்கிறது ஐயா. விரல் ரேகைப் பள்ளத்தின் அகலம் மைக்ரானில் நூற்றுக்கணக்கில் இருக்கும் என்பதால் அது எங்கள் 9 மைக்ரானைச் சொல்லாது. பேச்சு ஃபெனோஃபைப்ரேட்டுக்கே திரும்பட்டும்.

ஆலைப்பழகி:

ஜெட் மில்லில் அரைத்தவுடன் வேலை முடிந்தது என்று எண்ணுகிறவர்களுக்காக ஒரு பழைய கதை. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு மருந்தை நுண்தூளாக்கி அன்றே இரட்டைப் பையில் கட்டி டிரம்மில் அடைத்து வைத்தோம். மூன்று மாதம் கழித்துத் திறந்தபோது தூள் கட்டியாகியிருந்தது. உதிர்த்து அளந்தால் டி90 இரட்டிப்பாகியிருந்தது. ஈரம் புகுந்ததென்று பைகளைத்தான் முதலில் பழித்தோம். ஆனால் பைகளில் ஓட்டை இல்லை. மோதலில் படிகத்தின் மேற்பரப்பு ஒழுங்கு குலைந்து படிகமற்ற நிலைக்குப் போயிருந்தது. இருந்த சிறிதளவு ஈரத்தில் அது இளகி மீண்டும் படிகமாகும்போது அண்டைத் துகளோடு பாலம் கட்டிக்கொண்டது. அதன் பின்னர், அரைத்த தூளைக் கட்டுப்படுத்திய ஈரப்பதத்தில் பரப்பி வைத்து ஆறவிட்ட பிறகே கட்டுவது என்று நடைமுறையை மாற்றினோம்.

மருந்தியல் மாணவி:

ஃபெனோஃபைப்ரேட்டுக்கும் அதே ஆபத்து உண்டா?

லேசர்மேசை:

உண்டு, ஆனால் வேறு வடிவில். படிகமற்ற நிலையின் ஆயுள் அதன் கண்ணாடிநிலை மாறும் வெப்பநிலையை, அதாவது கண்ணாடிபோல் இறுகியிருப்பது இளகத் தொடங்கும் வெப்பநிலையைப் பொறுத்தது. வேறிரு மருந்துகளைப் பாருங்கள்: இந்தோமெதசினுக்கு அது 42 டிகிரியை ஒட்டியது, கிரிசியோஃபல்வினுக்கு 90 டிகிரியை ஒட்டியது. ஆகவே அவற்றில் குலைந்த பரப்பு அறை வெப்பநிலையில் நெடுநாள் நீடித்து, பிறகு எதிர்பாராத நேரத்தில் திரும்பும். ஃபெனோஃபைப்ரேட்டுக்கு அது பூச்சியத்துக்கும் கீழே. எனவே குலைந்த பரப்பு வெகு விரைவில் படிகமாகிவிடும். பல மாதங்களுக்குப் பிறகு வரும் அதிர்ச்சி குறைவு. அதற்கு ஈடாக, அரைத்த முதல் சில மணி நேரத்தில் கட்டியாகும் போக்கு இருக்கும். சூடான சேமிப்பறையில் டிரம்முக்கு மேல் டிரம்மாக அடுக்கி அழுத்தம் கொடுக்காதீர்கள். அரைத்த அன்று, ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில் என மூன்று முறை அளந்து பாருங்கள். வெப்பப் பகுப்பாய்வில் உருகும் முகடு இடம் மாறியிருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள்.

நாற்பதாம் சல்லடை:

மிக்க நன்றி. ஜெட் மில் என்று முடிவு செய்வதாக வைத்துக்கொண்டால், இயந்திரம் வாங்குவதா, கூலிக்கு அரைத்துத் தரும் இடத்தில் கொடுப்பதா? ஓட்டும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

ஆலைப்பழகி:

ஒரே ஒரு மருந்துக்காக என்றால் வாங்காதீர்கள். இயந்திரத்தின் விலை ஒரு பங்கு என்றால், உலர்ந்த, எண்ணெய் கலக்காத காற்றை இடையறாது தரும் கம்ப்ரஸர், தூசி வடிகட்டி, அறைக்கான காற்றழுத்தக் கட்டுப்பாடு ஆகியவை அதனினும் பெரிய பங்கு. மின்கட்டணம் மாதந்தோறும் நினைவூட்டும்.

எங்கே அரைத்தாலும் நேரில் நின்று பாருங்கள். சுருள் வகை ஜெட் மில்லில் (முன்பு சொன்ன வட்ட அறை கொண்டது) நம் கையில் இருப்பவை இரண்டே: அரைவை அழுத்தம், இடும் வேகம். இடும் வேகத்தைக் கூட்டினால் துகளுக்குக் கிடைக்கும் ஆற்றல் குறைந்து தூள் பருமனாகும். ஆள் களைத்துக் கை போன போக்கில் தூளைத் தள்ளினால் டி90 அலைபாயும். ஆகவே திருகு ஊட்டி வைத்த இடத்தையே தேர்ந்தெடுங்கள். ஊட்டும் வென்சுரியின் (காற்றோடு தூளை உள்ளே இழுக்கும் குறுகிய குழலின்) அழுத்தம் அரைவை அழுத்தத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தூள் வாய்வழியே எதிர்த்து அடிக்கும். இடும் படிகத்தை முதலில் ஒரு சல்லடையிலோ கூம்புச் சல்லடை கொண்ட கோன் மில்லிலோ கட்டி உடைத்துக்கொள்ளுங்கள். காற்றுத் தாரைகள் எதிரெதிரே மோதும் எதிர்ப்பாய்ச்சல் வகை ஜெட் மில்லில் உள்ளே வகைப்படுத்தும் சக்கரம் சுழல்வதால் அதன் வேகமே அளவைத் தீர்மானிக்கும். அதில் பரவல் குறுகலாக வரும், ஆனால் உங்கள் தேவைக்குச் சுருள் வகை போதும்.

பெரும்பாலான கரிம மருந்துத் தூள்கள் காற்றில் மேகமாக நிற்கும்போது தீப்பொறி பட்டால் வெடிக்கக்கூடியவை. நுண்ணியதாகும்தோறும் பற்றவைக்கத் தேவையான ஆற்றல் குறையும், உராய்வில் நிலைமின்னூட்டமோ கூடும். எல்லாப் பாகங்களுக்கும் தரை இணைப்பு உண்டா என்பதையும், பற்றவைப்பு ஆற்றல் மிகக் குறைவாக இருந்தால் நைட்ரஜனில் ஓட்ட ஏற்பாடு உண்டா என்பதையும் கேளுங்கள். நைட்ரஜனில் ஓட்டும் அறைக்கு ஆக்சிஜன் அளவைக் காட்டும் எச்சரிக்கைமணி இல்லையென்றால் அங்கே கால் வைக்காதீர்கள்.

லேசர்மேசை:

விவரக்குறிப்பில் டி90 மட்டும் எழுதிவிட்டு நிற்காதீர்கள். டி10, டி50, டி90 மூன்றுக்கும் வரம்பு வையுங்கள். டி50க்குக் கீழ்வரம்பும் வேண்டும். மருந்து விதிமுறைகளை நாடுகளிடையே ஒத்திசைக்கும் ஐ.சி.எச். அமைப்பின் 1999ஆம் ஆண்டு க்யூ6ஏ வழிகாட்டி, கரைதலையும் உறிஞ்சலையும் துகள் அளவு பாதிக்கும் மருந்துகளுக்கு ஏற்பு வரம்பு வைக்கச் சொல்கிறது. அந்த வரம்புக்குள் இரு முனைகளிலும் அரைத்த தூளில் மாத்திரை செய்து பார்த்திருந்தால்தான் தணிக்கையாளரின் முன்னால் உங்களால் பேச முடியும்.

நாற்பதாம் சல்லடை:

இரண்டு மாதம் கழித்து வந்து எழுதுகிறேன். பின் மில்லைக் கைவிட்டோம். கூலிக்கு அரைக்கும் ஓர் இடத்தில் மூன்று விதமாக அரைத்துப் பார்த்தோம்: மருந்தைத் தனியே ஜெட் மில்லில் இட்டது ஒன்று, சோடியம் லாரில் சல்ஃபேட்டுடன் சேர்த்து இட்டது ஒன்று, தனியே அரைத்துப் பிறகு அதைக் கலந்தது மற்றொன்று. மூன்றிலும் டி90 ஏறத்தாழ ஒன்றுதான், 8க்கும் 10க்கும் இடையே. ஆனால் கரைதலில் சேர்த்து அரைத்தது பழைய மாத்திரையோடு ஒட்டி நின்றது. தனியே அரைத்துக் கலந்தது பின்தங்கியது. வெறுமனே அரைத்தது இன்னும் பின்னால். துகள் அளவு அறிக்கையை மட்டும் பார்த்திருந்தால் மூன்றும் ஒன்றென்றே முடிவு கட்டியிருப்போம்.

கொள்முதல் பிரிவினரின் கணக்கும் தலைகீழாகிவிட்டது. அரைவைக் கூலி, போக்குவரத்து, அரைவையில் வடிகட்டியில் தங்கி வீணாகும் மருந்து, கூடுதல் சோதனைகள் ஆகிய அனைத்தையும் கூட்டியபோது, நுண்தூளாகவே வாங்குவதற்கும் இதற்கும் இடையே மிஞ்சிய வேறுபாடு சிறியதாக இருந்தது. இருந்தாலும் சேர்த்து அரைத்த தூளின் கரைதல் ஒவ்வொரு தொகுதியிலும் சீராக வருவதால் இந்த வழியிலேயே தொடரலாம் என்று உருவாக்கப் பிரிவில் கேட்டிருக்கிறோம். ஒரு மாத அளவீட்டில் டி90 மாறவில்லை. ஒரு கேள்வி மட்டும் பாக்கி: அரைக்கும் இடத்தில் வடிகட்டிப் பைகளை மற்ற மருந்துகளுக்கும் பயன்படுத்துகிறார்கள், கழுவிவிட்டோம் என்று சான்று தருகிறார்கள். ஏற்கலாமா?

ஆலைப்பழகி:

ஏற்க வேண்டாம். நெய்த பையின் இழைகளுக்குள் புகுந்த 5 மைக்ரான் தூளைக் கழுவி எடுத்ததாகச் சொல்வது எளிது, காட்டுவது கடினம். உங்கள் மருந்துக்கென்று ஒரு தொகுதி பைகளை நீங்களே வாங்கிப் பெயர் எழுதி, பூட்டி, ஒவ்வொரு முறையும் உங்கள் ஆளின் கையில் கொடுத்தனுப்பித் திரும்பப் பெறுங்கள். அடுத்த முறை போகும்போது அறையின் உள்பூச்சு எந்தப் பொருளால் ஆனது என்பதையும், இடைவேளையில் திறந்து பார்த்தால் விளிம்பில் எவ்வளவு படிகிறது என்பதையும் குறித்து வந்து இங்கே எழுதுங்கள். சோடியம் லாரில் சல்ஃபேட் சேர்ந்தால் அந்தப் படிவு கூடுகிறதா குறைகிறதா என்று எனக்கும் தெரிய வேண்டும்.